பத்துக்கு எட்டு வாங்கிய தப்பு விதி: ஐந்தாம் வகுப்பு தசம எண்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

0.36, 0.742, 0.5. இந்த மூன்றையும் சிறியதில் தொடங்கிப் பெரியது வரை வரிசையாக எழுதச் சொன்னேன். துண்டுத்தாள், பென்சில், இரண்டு நிமிடம், அவ்வளவுதான். தாள்களை வாங்கி மேசையில் பரப்பிப் பார்த்தால் ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் 0.5, 0.36, 0.742 என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்தாறு பேர் அதற்கு நேர்மாறாக 0.742, 0.36, 0.5. சரியான வரிசையை எழுதியவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது தப்புகள் இல்லை. முந்தின நாள்தான் இதே பிள்ளைகள் இதே பாடத்தில் டேப்லெட் வினாடி வினா விளையாடி பத்துக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கியிருந்தார்கள். திரையில் வண்ணத்தாள் கொட்டியது, பெயர்ப் பட்டியல் மேலும் கீழும் ஓடியது, வகுப்பே எழுந்து நின்று கத்தியது. நானும் பாடக் குறிப்பேட்டில் ‘தசம ஒப்பீடு முடிந்தது’ என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன். அந்த அடிக்கோடு எப்படி வந்தது, அதை அழித்த பிறகு என்ன செய்தேன், எது உருப்பட்டது, எது உருப்படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பும் கையில் இருந்தவையும்

34 பிள்ளைகள், ஆறு டேப்லெட், ஒரு புரொஜெக்டர், என் கைபேசி. இணையம் வரும், போகும். ஆறு டேப்லெட்டை 34 பேருக்குச் சுற்றவிடுவது பெரிய பாடு என்று புலம்பிக்கொண்டிருந்தவன்தான் நான், ஆளுக்கு ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆளுக்கொரு கணினியைக் கொடுத்தே பார்த்திருக்கிறார்கள்: பெரு நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கையில், கணினி எண்ணிக்கை பல மடங்கு கூடியும், சுமார் 15 மாதம் கழித்துக் கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் கூடியதற்கான தடயம் இல்லை. கருவி வந்து சேர்ந்தது, அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்பது வந்து சேரவில்லை. என் நிலைமையும் சின்ன அளவில் அதேதான், ஆறு டேப்லெட்டோடு.

இன்னொரு தப்பு நம்பிக்கையும் என்னிடம் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் திரையோடேயே பிறந்தவர்கள், திரையில் கொடுத்தால் தானாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று. மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’ என்ற பட்டம் பரவலானது, அதன்பிறகு யாரும் கேள்வி கேட்காமலே நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது. 2017இல் கிர்ஷ்னர், டி பிரைகெரே இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அப்படி ஒரு தனி இனம் இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். என் வகுப்பு அதற்கு நல்ல உதாரணம். வினாடி வினாவில் சீக்கிரம் தொட்டால் கூடுதல் புள்ளி என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கேள்வியை முழுதாகப் படிப்பதால் புள்ளி குறைகிறது என்பதையும் சேர்த்தேதான். விளையாட்டைக் கற்பதில் சூரப்புலிகள், நான் கற்பிக்க நினைத்தது வேறு.

எட்டு மதிப்பெண் வந்த வழி

அன்று மாலை அந்தப் பத்துக் கேள்விகளையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாமே ‘எது பெரியது’ வகை. செயலியில் ஏற்கெனவே இருந்த தொகுப்பு, நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை (இதுதான் என் முதல் குற்றம்). ஐந்து கேள்விகளில் இரண்டு எண்ணுக்கும் ஒரே நீளம், 3.4, 3.7 மாதிரி. மூன்றில் இலக்கம் அதிகமுள்ள எண்தான் பெரியது, 2.75, 2.3 மாதிரி. மீதி இரண்டில் மட்டும் இலக்கம் குறைந்த எண் பெரியது, 4.8, 4.63 மாதிரி.

இப்போது ஒரு பிள்ளையின் தலைக்குள் ‘இலக்கம் அதிகம் இருந்தால் எண் பெரியது’ என்ற விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பிறகு 75 இருக்கிறது, 3 இருக்கிறது, 75 பெரியது, அதனால் 2.75 பெரியது. விடை சரி! 3.4ஆ 3.7ஆ என்றாலும் சரி. தப்புவது கடைசி வகை இரண்டில் மட்டும்தான். ஆக, தசமம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு விதி பத்துக்கு எட்டு வாங்குகிறது. அதற்கு நேரெதிரான விதியை எடுத்துக்கொள்ளுங்கள், ‘இலக்கம் குறைந்தால் பெரியது’ என்பது. அது ஐந்தும் இரண்டும் ஏழு வாங்கும். எட்டு முறை பச்சை டிக் விழுந்தால் எந்தப் பிள்ளைதான் தன் விதியைச் சந்தேகிக்கும்? நான் அந்த வினாடி வினாவை நடத்தியது தப்பான விதிக்கு எட்டு முறை கைதட்டியதற்குச் சமம்.

இந்தப் பிழைகள் என் வகுப்புக்கு மட்டும் உரியவை என்றும் நினைக்க வேண்டாம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டெயின்ல் இருவரும் பிள்ளைகளின் தசம ஒப்பீட்டை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். நீளமானது பெரியது, குட்டையானது பெரியது என்று இரண்டு பெரிய வகைகளாக அவர்கள் பிழைகளைப் பிரிக்கிறார்கள், மேலே சொன்ன 4.8, 4.63 என்ற ஜோடியே அவர்கள் சோதனையில் வருவதுதான். ஜோடியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்: 4.8, 4.63 முதல் கூட்டத்தை மாட்டிவிடும், 5.736, 5.62 இரண்டாவது கூட்டத்தை மாட்டிவிடும். நான் துண்டுத்தாளில் கொடுத்த மூன்று எண்களும் அந்த யோசனையில் எடுத்தவைதான். சரியாகப் புரிந்தவர், நீளத்தை நம்புபவர், குட்டையை நம்புபவர் மூவரும் மூன்று வெவ்வேறு வரிசைகளை எழுதியாக வேண்டும். வினாடி வினா சரியாக நடந்ததா என்று சும்மா உறுதிசெய்துகொள்ளத்தான் அதைக் கொடுத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சொன்ன காரணங்கள்

யார் தப்பு என்று தெரிந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. 34 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச நேரமில்லை, பேசினாலும் டீச்சர் முகத்தைப் பார்த்தே விடையை மாற்றிவிடுவார்கள். அங்கேதான் டேப்லெட் முதல் தடவையாக உருப்படியாக உதவியது, அதுவும் அதில் இருக்கும் மிகப் பழைய, மிகச் சாதாரண வசதியால்: குரல் பதிவு. வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் இரண்டு டேப்லெட் வைத்தேன். ஒருவர் பின் ஒருவராகப் போய், தன் துண்டுத்தாளைப் பார்த்து ‘இப்படி ஏன் எழுதினேன்’ என்று அரை நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். சரி தப்பு சொல்லமாட்டேன், மதிப்பெண் கிடையாது, வேறு யாரும் கேட்கமாட்டார்கள். பதிவு பள்ளிக் கருவியிலேயே இருக்கும், எங்கும் ஏற்றமாட்டேன், பாடம் முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லித்தான் செய்தேன்.

34 பேர், ஆளுக்கு அரை நிமிடம், மொத்தம் 17 நிமிடம். அன்று இரவு ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் திருத்திய எந்த நோட்டிலிருந்தும் இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை.

பெரும்பாலோர் சொன்னது எதிர்பார்த்ததுதான்: “அஞ்சு ஒரே நம்பர், இது எழுநூத்தி நாப்பத்திரெண்டு, அதான் பெருசு.” இதில் பாதிப் பழி நம் வாயின் மேல்தான் விழ வேண்டும். 0.36ஐ ‘பூஜ்யம் புள்ளி முப்பத்தாறு’ என்று வாசித்துக்கொண்டே இருந்தால் புள்ளிக்குப் பின்னால் இன்னொரு முழு எண் நிற்கிறது என்றுதானே காதில் விழும். நான்கு வருடமாக இலக்கம் கூடினால் எண் பெரியது என்று நாம்தான் சொல்லித் தந்திருக்கிறோம், முழு எண்ணில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை, பிள்ளை அதை நம்பியது புத்திசாலித்தனம்தான்.

குட்டையை நம்பிய கூட்டம் இன்னும் சுவாரசியம். ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள்: நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது, ஆயிரத்தில் ஒரு பங்கு அதைவிடச் சின்னது, அதனால் 0.742 ரொம்பச் சின்னது. பாதி சரி! பங்கின் அளவைப் பார்த்திருக்கிறாள், எத்தனை பங்கு என்பதை விட்டுவிட்டாள். வினாடி வினா கணக்கில் இவளும் தப்பு, முதல் கூட்டமும் தப்பு. ஆனால் இவளுக்குச் சொல்ல வேண்டியதும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் வேறு வேறு.

அப்புறம் ஒரு பையன். அவன் பதிவை மூன்று தடவை கேட்டேன். “டீச்சர், ஆப் அப்டேட் ஆகும்போது ஒன்னு புள்ளி ஒன்பதுக்கு அப்புறம் ஒன்னு புள்ளி பத்து வரும். அப்போ பத்துதானே பெருசு? இதுவும் அந்த மாதிரிதான்.” எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் சொல்வது உண்மை, செயலிப் பதிப்பில் 1.9க்குப் பிறகு 1.10 வரும், கணிதத்தில் 1.10 என்பது 1.1, அது 1.9ஐவிடச் சின்னது. இந்தத் தலைமுறை பிள்ளைக்குப் புள்ளி வைத்த எண் பாடப்புத்தகத்துக்கு முன்பே கைபேசியில் அறிமுகமாகியிருக்கிறது, வேறு அர்த்தத்தோடு. மணியையும் 2.30 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம், அதுவும் தசமம் கிடையாது. இதையெல்லாம் எந்தப் பச்சை டிக்கும் எனக்குச் சொல்லியிருக்காது. மறுநாள் அவனையே எழுப்பி வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன், ‘அந்தப் புள்ளி இரண்டு எண்ணைப் பிரிக்கிற வேலி, இந்தப் புள்ளி ஒரே எண்ணுக்குள் இருக்கிற இடக்குறி’ என்று பேசிப் பேசி ஒரு மாதிரி பிரித்தோம். முழுதாகத் திருப்தி இல்லை.

கோட்டை விரித்துப் பார்த்த நாள்

அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு டேப்லெட்டில் ஜியோஜீப்ராவைத் திறந்தேன். 2001இல் மார்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய இலவச மென்பொருள், கணித ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு விஷயம், எண் கோட்டை இரண்டு விரலால் விரிக்க முடியும் என்பது. கரும்பலகையில் 0.3க்கும் 0.4க்கும் நடுவில் பத்துக் கோடு போட்டுவிடலாம், அதில் ஒன்றுக்குள் இன்னும் பத்துப் போடு என்றால் சாக்பீஸ் தடிமனே கோட்டை விழுங்கிவிடும். காகிதம் செய்ய முடியாததைத் திரை செய்கிற இடம் என்று நான் அடித்துச் சொல்லக்கூடியது இந்தப் பாடத்தில் இது ஒன்றுதான்.

ஐந்தாறு பேருக்கு ஒரு டேப்லெட். விதி ஒன்றே ஒன்று: திரையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் நோட்டில் ஒரு கோடு கிழித்து 0.36 எங்கே வரும் என்று குறித்து, பக்கத்தில் பெயரெழுத்து போட வேண்டும். குழுவில் எல்லோரும் குறித்த பிறகுதான் ஒருவர் விரிக்கலாம். இந்த விதி இல்லாமல் முதல் குழுவுக்குக் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் எண் கோட்டை விரித்துச் சுருக்கி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டியே ஒரு இடத்தைக் குறித்துவிட்டால் நிலைமையே வேறு, தன் குறி ஜெயிக்குமா என்று பார்க்கிற பார்வை அது.

ஒரு குழுவின் அருகில் நின்றேன். நான்கு பேர் 0.36ஐ 0.5க்கு வலப்புறம் வைத்திருந்தார்கள், ஒருத்தி மட்டும் இடப்புறம். விரித்தாள். 0.3, 0.4 இரண்டும் திரையின் இரு ஓரத்துக்கும் போக, நடுவில் 0.31, 0.32 என்று வரிசையாக முளைத்தன. 0.36 அங்கே உட்கார்ந்திருந்தது. ஒரு பையன் 0.5 எங்கே என்று தேடினான், திரையில் இல்லை, விரலால் இழுத்து இழுத்து வலப்பக்கம் வெகுதூரம் போய்க் கண்டுபிடித்தான். அந்த இழுத்த தூரத்தை நான் எப்படிச் சொல்லித் தந்திருப்பேன்! இன்னொருத்தி விடாமல் விரித்துக்கொண்டே போனாள், 0.361, 0.3615, அதற்குள்ளும்... “டீச்சர், இது எப்போ முடியும்?” நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது: “சார்ஜ் தீர்ற வரைக்கும்.”

இடைஞ்சலும் இருந்தது. விரிக்க விரிக்க அச்சின் அளவுக்கோடுகள் தானாக மாறும், சில நேரம் 0.02 அல்லது 0.05 இடைவெளிக்குத் தாவிவிடும். பத்துப் பத்தாகப் பிரியும் என்று நான் சொல்லியிருந்தேன், திரை ஐந்தாகப் பிரித்துக் காட்டியது, இரண்டு குழுக்கள் நன்றாகக் குழம்பின. இடைவெளியை அமைப்பில் நிலையாக வைத்துக் கொடுத்திருக்க வேண்டும், நான் வீட்டில் ஒத்திகை பார்க்காததன் விளைவு.

கரும்பலகையிலும் ஒன்று செய்தேன், இதில் தொழில்நுட்பமே இல்லை. ஐரோப்பாவில் தசமங்களைப் பரப்பிய சைமன் ஸ்டெவின் 1585இல் வெளியிட்ட சிறு நூலில் புள்ளியே வைக்கவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் வட்டத்துக்குள் அதன் இட எண்ணை எழுதினார்: 0.36 என்பது 3① 6②. ஒன்று என்றால் பத்தில் பங்கு, இரண்டு என்றால் நூறில் பங்கு. ஒரு வாரம் நாங்களும் அப்படியே எழுதினோம். 5① பக்கத்தில் 3① 6② நின்றால் எந்த இலக்கத்தை எதோடு ஒப்பிட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூலாம்படை பிடித்த இந்த முறை டேப்லெட்டுக்குச் சரிசமமாக வேலை செய்தது என்பது என் எண்ணம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை, இரண்டையும் ஒன்றாகவே செய்துவிட்டேன்.

வாக்கெடுப்பு

வினாடி வினாவைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், கேள்வி கேட்பதும் நல்லதுதான். ஓட்டப்பந்தயத்தை மட்டும் எடுத்துவிட்டேன். பிளிக்கர்ஸ் முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அச்சிட்ட அட்டை, அதைத் திருப்பிப் பிடிக்கிற பக்கத்தைப் பொறுத்து விடை மாறும். வகுப்பைக் கைபேசிக் கேமராவால் ஒரு சுற்று பார்த்தால் யார் எந்த விடை என்று எனக்கு மட்டும் வந்துவிடும். பிள்ளைகள் கையில் கருவியே வேண்டாம், பக்கத்து அட்டையைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

நடத்திய விதம் எரிக் மஜூர் 1991 முதல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புக்குப் பயன்படுத்திய முறையின் சின்ன வடிவம்: தனியாக வாக்கு, பிறகு வேறு விடை சொன்ன ஒருவரோடு பேச்சு, மறுபடி வாக்கு. நடுவில் சரியான விடையை நான் சொல்லமாட்டேன். முதல் வாக்கின் விகிதத்தையும் திரையில் காட்டமாட்டேன், காட்டினால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், ஒருமுறை காட்டிப் பட்டுவிட்டேன். கேள்விகள் எல்லாம் நானே எழுதியவை, ஒவ்வொரு தப்பு விடைக்கும் பின்னால் ஒரு தப்பு விதி இருக்கும்படி. ஒரு நல்ல கேள்வி எழுத அரை மணி ஆகிறது. ஒரு வகுப்பில் மூன்றுக்கு மேல் கேட்க முடிவதில்லை. முன்பு பத்து நிமிடத்தில் பத்துக் கேள்வி ஓடியது.

மூன்று வாரம் கழித்து

பாடம் முடிந்த மறுநாளே சோதித்தால் எல்லாம் பிரமாதமாகத்தான் தெரியும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உடனடி முடிவை நம்பி ஏற்கெனவே ஒருமுறை அடிக்கோடு போட்டவன் ஆயிற்றே, அதனால் மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு வேறு பாடத்துக்கு நடுவில் திடீரென்று துண்டுத்தாள் கொடுத்தேன். அதே மாதிரி மூன்று எண், இலக்கங்கள் மட்டும் வேறு.

பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். நான்கைந்து பேர் இன்னும் நீளத்தைத்தான் நம்புகிறார்கள், அதில் இரண்டு பேர் நடுவில் சரியாகச் செய்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியவர்கள். குட்டையை நம்பிய கூட்டத்தில் ஒருவரும் மிச்சமில்லை, அவர்களுக்கு ஒரே ஒரு உரையாடல் போதுமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு என்னிடம் இல்லை, மூன்று வார வளர்ச்சியும் இதில் சேர்ந்திருக்கும், அதனால் இதை நிரூபணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மொத்தத்தில் இந்தப் பாடத்துக்குத் திட்டமிட்டதைவிட நான்கு வகுப்புகள் கூடுதலாகப் போயின, அந்தக் கடனை அளவைகள் பாடத்தில் பிடித்துக் கட்டினேன்.

இப்போது ஒரு செயலியைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது, பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை அது எனக்குக் காட்டுமா என்பதைத்தான். பெரும்பாலானவை பிள்ளைக்கு எதையாவது காட்டுவதிலேயே குறியாக இருக்கின்றன.

கடைசிச் சுற்றில் பதிப்பு எண் பையனின் குரல் பதிவு இப்படிப் போகிறது. “0.8, 0.25, 0.617... முதல்ல 0.8... இல்ல, இருங்க.” அப்புறம் சத்தமே இல்லை. தாழ்வாரத்தில் யாரோ ஓடுகிற சத்தம், பென்சில் மேசையில் தட்டுகிற சத்தம். “ரெண்டு ஒன்னாம் வட்டம்... ஆறு ஒன்னாம் வட்டம்... எட்டு. 0.25 முதல்ல, 0.617, அப்புறம்தான் 0.8.” நடுவில் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தான் என்று எண்ணிப் பார்த்தேன், 14 நொடி. பழைய வினாடி வினாவில் ஒரு கேள்விக்கு நான் வைத்திருந்தது பத்து.